ஒவ்வொன்றாய் வாங்கிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் யாரும் முதலில் வெறும் பெட்டியை வாங்க மாட்டார்கள். நானும் என் கணவரும் அதைத்தான் முதலில் வாங்கினோம். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாகங்களைப் பூட்டிக் கம்ப்யூட்டர் செய்து தருகிற ஒரு கடை. உள்ளே எதுவுமில்லாத கேபினெட்டை எங்கள் முன் வைத்துவிட்டுக் கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தெலுங்குக்காரர். வியாபாரத்துக்குப் போதுமான அளவு தமிழ் பேசுவார்.

“காலி டப்பா மாத்திரமா அம்மா? உள்ள ஒண்ணும் வேணாமா?”

“உள்ள வெக்கிறத ஒண்ணொண்ணா வாங்கிக்கிறோம்” என்றார் என் கணவர்.

பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட் அது. சாதாரணத் தகரப் பெட்டி போதும் என்று நான் சொல்லியிருந்தேன்.

“ஒண்ணுமே இல்லாத பெட்டிக்குக் கண்ணாடி எதுக்கு?”

“எல்லாம் வந்தப்புறம் பாக்கறதுக்கு.”

ஷேர் ஆட்டோவில் திருச்சானூருக்குக் கொண்டுவந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அது டிவியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார் என் கணவர். வீட்டுக்காரம்மா வாசலிலேயே நிறுத்தி, பிரிட்ஜ் என்றால் கரண்டுக்குத் தனியாகத் தர வேண்டும் என்றார். பெட்டியைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிய பிறகுதான் விட்டார்.

நாங்கள் இருவரும் எல்லையோரக் கிராமத்துத் தமிழர்கள். எனக்குப் பிச்சாட்டூர்ப் பக்கம், அவருக்கு நகரிப் பக்கம். என் நைனா, அதாவது அப்பா, பாதி வயது வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். பிறகு குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போட்டார். திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம் அது. விளைச்சல் நன்றாக இருந்த ஒரு வருடம் என்னை மல்டிமீடியா கோர்ஸில் சேர்த்துவிட்டார். படிப்பு முடிவதற்குள் சென்டரை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஒருநாள் காலையில் போனால் பூட்டு தொங்கியது. சர்டிபிகேட் இல்லை. கற்றது மட்டும் கையில் இருந்தது. அதை வைத்து ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன்.

என் கணவர் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தார். கேம் என்றால் உயிர். டியூட்டி முடிந்ததும் நெட் சென்டருக்குப் போய் கார் ரேஸ் ஆடிவிட்டுத்தான் அறைக்குப் போவாராம். பெண் பார்க்க வந்த அன்று, உனக்கு ஏதாவது கேட்கணுமா என்று பெரியவர்கள் கேட்டதற்கு, “உங்க ஸ்டுடியோ மெஷின்ல மெமரி எவ்ளோ?” என்றுதான் என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா பதில் சொல்லிவிட்டார். “மெமரி நல்லாத்தான் கீதுப்பா. பத்தாவதுல பர்ஸ்ட் கிளாசு.”

அவர் சிரிக்கவில்லை. சரிங்க மாமா என்று தலையாட்டினார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

எங்களுக்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று எண்ணியதற்குக் காரணம் தண்ணீர். ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவுக்கு டைட்டில் போட வேண்டும். மணமகன் பெயரும் மணமகள் பெயரும் ரோஜாப்பூவிலிருந்து விரிந்து வரும். எல்லாருக்கும் அதே ரோஜாப்பூ. ஒருநாள் முதலாளியிடம், தண்ணீருக்குள்ளிருந்து பெயர் எழும்பி வருகிற மாதிரி செய்கிறேன் என்றேன். மழைக்காலத்தில் எங்கள் ஊர் அணையில் மதகு திறக்கும்போது வரும் தண்ணீர் என் மனதில் இருந்தது. செய்து காட்டினால் மாவட்டத்தில் எத்தனை ஸ்டுடியோ இருக்கிறதோ அத்தனையும் வாங்கும் என்றார் முதலாளி. அவர் பொய்யாகச் சொல்லவில்லை.

ஆனால் ஸ்டுடியோ மெஷினில் தண்ணீரை அசைத்துப் பார்க்க முடியாது. ஒவ்வொரு படமாகச் செய்து முடித்து, எல்லாவற்றையும் சேர்த்தால்தான் அசைவு தெரியும். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடினால் ஒரு படம் வரும். அதில் அலை தப்பாக இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

“நம்ம மெஷின் வந்தா பகல்ல நீ தண்ணி செய்யி, சாயங்காலம் நான் கார் ஓட்டறேன்” என்றார் அவர். கல்யாணமான புதிதில் எங்கள் பேச்சு பெரும்பாலும் இதுதான்.

மாதத்துக்கு ஒரு பாகம் என்று நினைத்திருந்தோம். அப்படி நடக்கவில்லை. நைனாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. என் கணவரின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. நடுநடுவே பவர் சப்ளை வந்தது, ஹார்டு டிஸ்க் வந்தது. மதர்போர்டும் பிராசசரும் சென்னை ரிச்சி தெருவில்தான் நன்றாகக் கிடைக்கும் என்று இருவரும் லீவு போட்டுப் போனோம். திரும்பும்போது ஊத்துக்கோட்டை வழியாக பஸ். வழி முழுக்க அவர் போர்டை மடியிலேயே வைத்திருந்தார். பிச்சாட்டூரில் இறங்கி நைனா வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டோம். நைனா போர்டை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்த்தார். தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இதுல படம் எங்க தெரியும்?”

“இதுல தெரியாது நைனா. இது உள்ள இருக்கறது.”

“படம் தெரியறது எப்ப வாங்குவீங்க?”

“அது அப்புறம்.”

“மொதல்ல அத்த வாங்கி இருக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மானிட்டர் கடைசியில்தான் வந்தது. மூடிவிட்ட ஒரு நெட் சென்டரிலிருந்து பழையதாக வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பூட்டி, ஒயர்களை மாட்டி, ஸ்விட்சைப் போட்டோம். படம் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். அன்றைக்கு வீட்டில் கறிக் குழம்பு.

சாயங்காலமே தெரிந்துவிட்டது. அவருடைய ரேஸில் கார் விட்டு விட்டு ஓடியது. வளைவு வருவதற்கு முன்பே சுவரில் மோதிக்கொண்டிருந்தது. என் த்ரீடி மென்பொருள் திறக்கவேயில்லை. கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. படத்தை வேகமாக அசைத்துக் காட்டுவதற்கென்று தனியாகச் சொருகுகிற அந்தக் கார்டு நுழைய எங்கள் போர்டில் ஸ்லாட் இருந்தது. காலியாக இருந்தது. நல்ல கார்டு ஒன்று, அதுவரை நாங்கள் வாங்கிய எல்லாவற்றையும் சேர்த்த விலைக்கு மேலே இருந்தது.

மறுவாரம் மெஷினைப் போர்வையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் கடைக்கே கொண்டுபோனோம். கடைக்காரர் நாங்கள் வருவதைப் பார்த்ததும் நாற்காலியை ஒதுக்கிப் போட்டார். வெறும் டப்பா வாங்கியவர்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்களே என்று அவருக்கும் சந்தோஷம். ஷோகேஸில் இருந்த கார்டை எடுத்து, “ட்ரை பண்ணிச் சூடம்மா, பாருங்க. கடையில மட்டும்” என்று எங்கள் போர்டில் சொருகினார்.

மென்பொருள் திறந்தது. ஸ்டுடியோவில் நான் செய்து வைத்திருந்ததைத் திறந்தேன். மதகு, அதற்குக் கீழே பாறை, நடுவில் தண்ணீர். ப்ளே அழுத்தினேன். தண்ணீர் ஓடியது. நான் செய்த தண்ணீர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்து, கீழே மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. பக்கவாட்டில் ஒரு அலை தப்பாக இருந்தது. அங்கேயே திருத்தினேன். திருத்தியது உடனே தெரிந்தது. கடைக்கு வந்தவர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். பிறகு என் கணவர் உட்கார்ந்து ஒரு ரேஸ் முழுவதும் ஓட்டினார். ஒரு வளைவிலும் மோதவில்லை.

அதன்பிறகு கடைக்காரர் கார்டைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு ஷோகேஸில் வைத்தார். நாங்கள் மெஷினைப் போர்வையில் சுற்றிக்கொண்டோம்.

அந்த மழைக்காலத்தில் என் கணவர் வேலை பார்த்த லாட்ஜ் கை மாறியது. புதிதாக வாங்கியவர்கள் இடித்துவிட்டு ஏசி ரூம்களாகக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். ரிசப்ஷனுக்கு இங்கிலீஷும் இந்தியும் சரளமாகப் பேசுகிறவர்கள் வேண்டும் என்றார்கள். அவர் வேறு லாட்ஜுகளில் கேட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் பிறகு சொல்கிறோம் என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் குவைத்துக்கு ஆள் போகாத ஊர் கிடையாது. அவருடைய பெரியப்பா மகன் அங்கே டிரைவராக இருந்தார். என் கணவரிடமும் லைசென்ஸ் இருந்ததால், அவர் மூலமாக ஒரு வீட்டில் டிரைவர் வேலைக்கு விசா வந்தது.

“நீ போவாத. ஸ்டுடியோவுல கேட்டு வீடியோ எடுக்கற வேலைக்கு உன்னச் சேத்துடறேன்” என்றேன்.

“கல்யாண சீசன்ல மட்டும் துன்னா போதுமா? மீதி மாசத்துக்கு?” என்றார். பிறகு மெஷின் பக்கம் கையைக் காட்டினார். “ரெண்டு வருஷம்மே. வரும்போது கார்டு எடுத்துக்கினு வர்றேன். அங்க நல்லா கெடைக்குமாம்.”

கார்டுக்காகத்தான் போகிறார் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். பிழைப்புக்குப் போகிறார் என்பதைவிட அது சொல்லவும் கேட்கவும் எளிதாக இருந்தது.

அவர் போன பிறகு வாரத்துக்கு ஒருமுறை மெஷினை ஓடவிட்டேன். ஓட்டாமல் வைத்தால் கெட்டுவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மென்பொருளைத் திறக்க முடியாதென்பதால் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். வெள்ளிக்கிழமை அவர் போன் வரும். நான் கார்டின் பெயரைச் சொன்னேன், எழுத்தெழுத்தாக. அதில் ஓர் எண்ணும் இருந்தது. அவர் திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை, “வாங்கிட்டேன்” என்றார். “அதே பேரு, அதே நம்பரு.” அன்றைக்கு வேறெதுவும் பேசவில்லை. அவர் அதன் அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை எல்லாம் படித்துக்கொண்டே இருந்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவர் ஒரு மாத லீவில் வந்தது வெயில் காலத்தில். இளைத்திருந்தார், காதுக்குப் பக்கத்தில் நரைத்திருந்தது. குளித்துவிட்டு வந்து, சாப்பிடுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்தார். துணிகளுக்கு நடுவில் கார்டு இருந்தது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றினோம். கார்டை ஸ்லாட்டின் மேல் வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. எடுத்துப் பார்த்து, ஊதிவிட்டு மறுபடி வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். கார்டின் அடியில் பற்கள் ஓர் இடத்தில் வெட்டியிருந்தன. ஸ்லாட்டில் வெட்டு வேறு இடத்தில் இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினார். போர்டு வளைந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“உடைஞ்சிடும். விடு.”

“அதே நம்பருதான்மே” என்றார்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் கார்டைக் கையில் வாங்கிய உடனே தலையை ஆட்டினார்.

“இதி பட்டதம்மா, நுழையாது. ஸ்லாட் மாறிப்போயிடிச்சி. பேரு அதே, ஆனா இது புதுசு. இப்ப வர்ற போர்டுக்குத்தான் சேரும்.”

“போர்டு மட்டும் மாத்தினா?” என்று கேட்டார் அவர்.

கடைக்காரர் தயங்கினார். எங்களை அவருக்குப் பிடிக்கும், அதனால் மெதுவாகச் சொன்னார். புது போர்டுக்கு எங்கள் பிராசசர் சேராது. மெமரியும் சேராது, அதுவும் மாறிவிட்டது. இந்தக் கார்டுக்கு எங்கள் பவர் சப்ளை தாங்காது. எங்கள் போர்டுக்குச் சேருகிற பழைய வகைக் கார்டு இப்போது வருவதில்லை, ஷோகேஸில் இருந்தது எப்போதோ விற்றுப்போய்விட்டது. புதுக் கார்டைத் தானே எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டு, வெளிநாட்டு பில், வாரண்டி கிடையாது, யாரும் வாங்க மாட்டார்கள் என்றார். எங்களுக்குக் குளிர்பானம் வாங்கி வரச் சொன்னார். வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டோம்.

எதிரில் ஒரு டீக்கடை இருந்தது. மெஷினை பெஞ்சில் எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். டீ வந்த பிறகு அவர் பேசினார்.

“அந்த அரபி வீட்ல ஒரு பையன் கீறான். பெரிய மெஷின் வெச்சிக்கினு கேம் ஆடுவான். காரு சாவி குடுக்கப் போறப்ப கதவாண்ட நின்னு பாப்பேன். ஒருநாள் நின்னுக்கினே இருந்துட்டேன். உனக்கு இங்க இன்னா வேலன்னு அவங்கம்மா கேட்டுச்சி. அப்புறம் அந்தப் பக்கம் போகல.”

“நெட் சென்டரு ஏதாவது?”

“எங்க. வாரத்துல ஒரு நாள்கூட லீவு இல்ல.” டீயைக் குடித்து முடித்தார். “அங்க போனதுல இருந்து ஒரு ஆட்டம்கூட ஆடல. நம்ம மெஷின்ல ஆடிக்கலாம்னு இருந்தேன்.”

அப்போது நானும் சொல்லிவிட்டேன். போனில் சொல்ல மனம் வராமல் வைத்திருந்த செய்தி. ஹைதராபாத்தில் யாரோ கல்யாண டைட்டில்களைச் சிடியில் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு சிடியில் நூற்றுக்கணக்கான டைட்டில். ரோஜா, மயில், ரதம், தண்ணீர்கூட இருந்தது. பெயரை மட்டும் அடித்தால் போதும். எங்கள் முதலாளி முதல் ஆளாக வாங்கினார். என்னிடம் அந்தத் தண்ணீரைக் காட்டி, “இத செய்யறதுக்கா இத்தன நாளா நீ அல்லாடிக்கினு இருந்த?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்தத் தண்ணீர் நன்றாகவே இருந்தது. நான் செய்ததைவிட நன்றாக இருந்தது.

“எப்பத்துல இருந்து?” என்று கேட்டார் என் கணவர்.

“நீ கார்டு வாங்கிட்டேன்னு சொன்னியே, அதுக்கு முன்னாடியே.”

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வாய்த்திருக்கும்.

லீவு முடியும் வரை இருவரும் மெஷினைத் தொடவில்லை. அவர் பழைய லாட்ஜ் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புதுக் கட்டடத்துக்குத் தூண்கள் எழுப்பியிருந்தார்கள். திரும்பப் போக வேண்டாம் என்று நான் ஒரே ஒருமுறை சொன்னேன்.

“இங்க இன்னா கீது?” என்றார். என்னைக் காயப்படுத்தச் சொன்ன பேச்சு இல்லை அது. உண்மையாகவே கேட்டார்.

போகும்போது கார்டை எடுத்துக்கொண்டு போனார். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தார். அவர்கள் வாங்கவில்லை. கடைசியில் அந்தப் பையனிடமே காட்டியிருக்கிறார். அவன் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைவிடப் பெரியது தன்னிடம் இருக்கிறது என்று கொடுத்துவிட்டானாம். இதை அவர் வெள்ளிக்கிழமை போனில் சொன்னார். நான் சரி என்றேன். அவரும் சரி என்றார்.

அதற்குப் பிறகு டைட்டில் வேலைக்கு ஸ்டுடியோவில் ஆள் தேவைப்படவில்லை. ஆல்பத்தையும் சென்னைக்கு அனுப்பி அச்சடித்து வாங்கினார்கள். முதலாளி கொஞ்ச நாள் என்னைச் சும்மா வைத்திருந்தார், பிறகு அவராலும் முடியவில்லை. சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஒன்றில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் கேட்டார்கள். திருப்பதியில் ரயில் ஏறி, பாகாலாவில் வண்டி நின்ற நேரத்தில் ஒரு காபி குடித்து, சித்தூரில் இறங்கினேன். மெஷினை லக்கேஜ் வேனில் அனுப்பியிருந்தேன். வந்து சேர்ந்தபோது ஆன் ஆகவில்லை. சித்தூரில் ஒருவர் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, இந்த போர்டு இப்போது எங்கும் கிடைக்காது என்றார். பழைய சாமான் வாங்குகிறவரிடம் போட்டுவிட்டேன். அவர் எடுத்துப் போகும்போது நான் வாசலுக்கு வரவில்லை.

ஃபேக்டரியில் என் வேலை எடை மேடைக்குப் பக்கத்து அறையில். சீசனில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசையில் நிற்கும். வண்டி எண், எடை, விவசாயி பெயர், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் செய்கிற வேலை என்று நைனா ஊரில் சொல்லிக்கொள்வார்.

என் கணவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருகிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் அந்த ஒரு மாதத்தைச் சொன்னால் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். இந்தத் தடவையோடு வந்துவிடுகிறேன் என்று முன்பெல்லாம் சொல்வார். இப்போது அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. போனிலேயே கார் ரேஸ் வந்துவிட்டது. “ஆடறியா?” என்று ஒருமுறை கேட்டேன். “எறக்கி வெச்சிருக்கேன். கண்ணு வலிக்குது” என்றார்.

போன வெள்ளிக்கிழமை மதியம் வீடியோவில் கூப்பிட்டார். சாப்பாட்டு நேரம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன்.

“இன்னா கொழம்பு?”

“கத்திரிக்கா. நீ துன்னியா?”

“ஆச்சி. இங்க வெயிலு தாங்கல.”

“இங்கயும்தான்.”

கட் செய்யாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். அவர் காருக்குள் உட்கார்ந்திருந்தார். யாருக்காகவோ காத்திருந்தார் போலிருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டேன். எடை மேடையில் ஒரு டிராக்டர் ஏறி ஹாரன் அடித்தது.

“வண்டி வந்துடிச்சி” என்றேன்.

“சரி, பாரு” என்றார்.

கையைக் கழுவிவிட்டு வந்து வண்டி எண்ணை அடித்தேன்.